லிஃப்ட்காரரின் நான்கு நிமிடம்

நாடி பார்க்க நான் ஒரு கையைப் பிடித்தால், லிஃப்ட்காரர் மறு கையால் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார். பேசினால் என் எண்ணிக்கை தப்பும் என்று பலமுறை சொல்லியாயிற்று. "நீங்க எண்ணுங்க சிஸ்டர், நான் மெதுவாத்தான் பேசறேன்."

முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். மூன்று மாதத்துக்கு முன் இதே வீட்டுக் கூடத்தில் செருப்பு மாட்டும்போது சுருண்டு விழுந்தார். நான்கு நிமிடம் இதயம் நின்றுபோனது. அந்த நான்கு நிமிடத்தைத்தான் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"எனக்குச் சுரங்கம் மாதிரி தெரிஞ்சுதே, அது ஏன்? கண்ணுக்கு ரத்தம் குறைஞ்சா ஓரம் மொதல்ல இருட்டும், நடு மட்டும் தெரியும். வெளிச்சமா? கரண்ட் போனா லிஃப்டுக்குள்ள பேட்டரி லைட் எரியுமில்ல, அது. மேல மிதந்தேனே, அது மூளையில கோளாறு. லிஃப்ட் தரையில நிக்கும், போர்டு அஞ்சாவது மாடின்னு காட்டும்."

இதில் பாதிக்கு டாக்டர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இவருக்குச் சந்தேகமே கிடையாது. மகள் வாங்கித் தந்த புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

இத்தனை படிப்பும் ஒரே ஒரு வாக்கியத்தை அழிக்கத்தான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மனைவியிடம் அவர் முதலில் சொன்னது: "ஏன் கூப்பிட்ட? நல்லா இருந்துச்சு."

அன்றிலிருந்து அந்த அம்மாள் அவரோடு நேராகப் பேசுவதில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"நாப்பது வருஷம் கூட இருந்தேன் சிஸ்டர், ஒருநாள் நல்லா இருக்குன்னு வாய்ல வந்ததில்ல. நாலு நிமிஷம் போன இடம் நல்லா இருந்துச்சாம். இந்த மாத்திரையைக் குடுங்க. இங்க இருக்க இஷ்டம்னா முழுங்கட்டும்."

"நான் சொல்லலைடி, மூளை சொல்லுச்சு! மூச்சு முட்டுனா அதுவே வலி மருந்து சுரக்குமாம். போதையில ஒளறினதுக்குக் கோவிச்சுக்கறியே!"

"அப்போ திரும்பி வந்தாரே, அது எந்தச் சுரப்பாம்? கேளுங்க சிஸ்டர்."

போன வாரம்தான் இந்தக் கேள்வி வந்தது. லிஃப்ட்காரர் மறு கையால் புத்தகத்தைப் புரட்டித் தேட ஆரம்பித்தார். நானும் நிம்மதியாக எண்ணி முடித்தேன்: எண்பத்திரண்டு.

லிஃப்ட்காரர் விழுந்த அன்று 108-லிருந்து ஒருவர் போனில் சொல்லச் சொல்ல, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை அமுக்கியவர் இந்த அம்மாள்தான். அதில் இரண்டு விலா எலும்பு முறிந்தது.

புத்தகத்தை வைத்துவிட்டு லிஃப்ட்காரர் என் பிடியிலிருந்து கையை உருவினார். சட்டைப் பொத்தானைக் கழற்றி, மனைவியின் கையை இழுத்து, எலும்பு முறிந்து கூடிய இடத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் வலிக்குதா?" என்று அவரிடமே கேட்டார் அந்த அம்மாள். கேட்டுவிட்டு, லேசாக ஓர் அமுக்கு அமுக்கினார்.