மல்லாட்டைக் கொட்டகையில் ஒரு நாவல்

விதைக்கு வைக்கும் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, கையால்தான் உடைக்க வேண்டும். மெஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், முளைக்காது. அதனால் மார்கழியில் திண்டிவனம் ரோட்டில் உள்ள என் கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உடைப்பார்கள். கை ஓடினால்தான் எனக்குப் பிழைப்பு. கிருஷ்ணவேணிக்கோ கை நிற்க வேண்டும். எங்கள் சண்டையே அதுதான்.

அவள் மயிலத்தில் துணி தைப்பவள். நாவலும் எழுதுகிறாள். பதிப்பகக்காரர் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவளே விழுப்புரத்து அச்சகத்தில் கொடுத்து அடிக்கிறாள், அவளே பையில் சுமந்து விற்கிறாள். இரண்டு புத்தகம் வந்தாயிற்று. எழுதியதைச் செல்போனில் வைத்துக்கொண்டு மத்தியானம் கொட்டகைக்கு வந்து படிப்பாள். கேட்கிறவர்கள் கை எங்கே நிற்கிறதோ அந்த இடம் புத்தகத்தில் இருக்கும். கை அதுபாட்டுக்கு ஓடினால் வீட்டுக்குப் போய் அந்த இடத்தை அழித்துவிடுவாள்.

"ஏம்மா, கதை படிக்கிறியா, என் பொழப்பக் கெடுக்கிறியா?" என்பேன்.

"சும்மா இருங்கண்ணே, வில்லன் கணக்கா நின்னுக்கினு" என்பாள்.

மூன்றாவது நாவலுக்கு முடிவுதான் உட்காரவில்லை. பொங்கலுக்குள் அச்சகத்தில் கொடுத்தால்தான் பங்குனி உத்திரக் கூட்டத்தில் மயிலம் மலையடியில் விற்கலாம். விட்டால் இந்த வருசம் அவ்வளவுதான். போகி நெருங்கும்போது முடிவைப் படித்தாள். கதாநாயகி குடிகாரப் புருசனை விட்டுவிட்டு விடியற்காலையில் பஸ் ஏறுகிறாள். வானம், பனி, கண்ணீர் என்று பக்கம் முழுக்க அழகழகான வார்த்தை. மல்லாட்டைத் தோடு உடைகிற சத்தம் நிற்கவே இல்லை.

கிருஷ்ணவேணியின் முகம் தொங்கிப்போனது. "எதனா சொல்லுங்களேன்டி."

உடைத்துக்கொண்டிருந்தவர்களில் அம்மணிதான் வாயைத் திறந்தாள். "எல்லாம் சரி. அவ ஆட்ட இன்னா பண்ணா?"

"எந்த ஆடு?"

"சினை ஆடு ஒண்ணு வளக்கிறான்னு மொதல்ல படிச்சியே. அத உட்டுட்டா பஸ் ஏறுனா?"

"அவன் மறுநாளே வித்துக் குடிச்சிடுவான்" என்றாள் பக்கத்தில் இருந்த மலர்விழி.

"பஸ்ஸுல ஆட்ட ஏத்த மாட்டாண்டி" என்று நானும் வாயை விட்டேன்.

"அப்ப நடந்து போவா. உனக்கு இன்னாண்ணே?" என்றாள் அம்மணி.

கிருஷ்ணவேணி செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் கண் சிவக்க வந்து உட்கார்ந்தாள். வானமும் பனியும் போயிருந்தன. கதாநாயகி ஆட்டை அவிழ்த்துக்கொண்டு ரோட்டுக்கு வருகிறாள். புருசன் எழுந்துவிடுவானோ என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். ஆடு ஓரத்துப் புல்லில் வாய் வைத்து நின்றுவிடுகிறது. வயிற்றுப் பிள்ளைக்காரியை எப்படி இழுப்பது? பஸ் வருகிறது. "வர்றியா இல்லியா?" என்கிறான் கண்டக்டர். "நீ போய்யா, இது மேஞ்சி முடிக்கட்டும்" என்கிறாள். பஸ் போகிறது. அவள் கயிற்றைத் தளர்த்திக்கொண்டு நிற்கிறாள்.

கொட்டகையில் ஒரு தோடு உடையவில்லை.

"அண்ணே, மூட்ட தைக்கிற ஊசி உன் கையிலேயே நிக்குது பாரு" என்றாள் அம்மணி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பேஜாராகிவிட்டது.

"வேலையப் பாருங்க" என்று கத்திவிட்டு, வண்டியை எடுத்தேன். "ஏறும்மா ஜல்தி. அச்சகத்தான் சாத்திட்டுப் போயிடப்போறான்."

விழுப்புரம் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் போய்க் கேட்டேன்: "அது குட்டி போட்டுதா?"

"இனிமேதாண்ணே யோசிக்கணும்" என்றாள்.