எல்லாப் புள்ளடியும் சிரித்த முகத்துக்கு

கிளிநொச்சியில் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்த சூட்டோடு சூடாகப் படிவம் அடித்தேன். வாடிக்கையாளரின் தேவையை அளக்க வேண்டும், அளந்தால்தான் திருத்தலாம் என்று அங்கே சொல்லித் தந்திருந்தார்கள். விசுவமடுவில் நான் நடத்தும் நெல் குத்தும் மில்லின் வாசலில் ஒரு மேசை போட்டேன், நூலில் பேனையைக் கட்டினேன். காத்திருந்த நேரம், மில்லின் துப்புரவு, எங்கள் பேச்சு என்று மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சிரித்த முகம், சும்மா முகம், அழுத முகம். விரும்பிய முகத்துக்குப் புள்ளடி போடலாம்.

முதல் மாதம் காத்திருந்த நேரத்துக்குச் சில சும்மா முகங்கள் வந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. உடனே ஒரு ஏற்பாடு செய்தேன். அவித்துக் காயவைத்த நெல்லைக் கொண்டுவருகிறவர்கள் அதை நிறுத்துத் தந்துவிட்டு, அதே இன நெல்லில் நாங்கள் முன்பே குத்தி வைத்திருக்கும் அரிசியை வாங்கிக்கொண்டு போகலாம். ஐந்து நிமிட வேலை. அடுத்த மாதம் எல்லாப் புள்ளடியும் சிரித்த முகத்துக்கு. தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஆனால் வருகிற ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். அறுவடை முடிந்த காலத்திலேயே மெஷின் பாதி நாள் சும்மா நின்றது. மெஷின் ஓட்டும் அண்ணர், "இப்பிடியே போனா மில்லை மூடவேண்டியதுதான் பிள்ளை" என்று முகத்துக்கு நேரே சொன்னார். நான் படிவங்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். மேசையடிக்கும் கேற்றடிக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. இருந்தால் மனம் எழும்பச் சொல்லும், எழும்பினால் இருக்கச் சொல்லும்.

ஒருநாள் காலை, மில் தொடங்கிய நாள் முதல் எங்களிடம் வந்த அக்கா ஒருவர் சைக்கிள் கரியரில் நெல்மூட்டையோடு எங்கள் கேற்றைத் தாண்டிப் போனார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு றோட்டிலேயே ஓடினேன்.

"அக்கா, நில்லுங்கோ! எங்கை போறியள்?"

காலை ஊன்றி நின்றார். அடுத்த ஊர் மில்லுக்கு என்றார்.

"எங்கட மில்லிலை என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை, தங்கச்சி."

"அப்ப ஏன் தாண்டிப் போறியள்?"

மூட்டையின் கயிற்றை இறுக்கினார். "நீங்கள் தாறது ஆரோ அவிச்ச நெல்லின்ரை அரிசி. சோறு ஊறல் மணக்குது. வீட்டிலை ஒருத்தரும் வாயிலை வைக்கினமில்லை. எனக்கு நான் அவிச்ச நெல்லு வேணும்."

நெல் ஒரே இனமாக இருக்கலாம். ஊறப்போடுவதும் அவிப்பதும் வீட்டுக்கு வீடு வேறு. நானும் நெல் அவிக்கிறவள்தான். அதைப் பற்றி ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

"பிறகேன் எல்லாத்துக்கும் சிரிச்ச முகம் போட்டனீங்கள்?"

"இடம்பெயர்ந்து முகாமிலை இருக்கேக்கை எத்தினை படிவம் நிரப்பினம்? குறை எழுதினா அடுத்தமுறை நிவாரணத்திலை பேரை வெட்டிப்போடுவினம் எண்டு பயம். கை பழகிப்போச்சு."

அதே முகாமில், வாளி நிரம்பாத நாட்களில், தண்ணீர் போதும் என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

மன்னிப்புக் கேட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அவருடைய நெல்லை மட்டும் மெஷினில் கொட்டச் சொன்னேன். அரிசி விழத் தொடங்கியதும் அக்கா ஒரு பிடி ஏந்தினார். தவிட்டை ஊதினார், மணந்தார், நாலு மணியைக் கடித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"பரவாயில்லை, தங்கச்சி."

"பரவாயில்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ அக்கா!" மெஷின் சத்தத்துக்கும் மேலாகக் கத்திவிட்டேன். அண்ணர் திடுக்கிட்டு மெஷினை நிறுத்தினார்.

அக்கா என்னைப் பார்த்தார், அண்ணரைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த அரிசியை மேசையில், படிவங்களுக்கு மேலேயே கொட்டினார்.

"இது என்ரை இல்லை. முந்திப் போட்ட ஆரோ ஒராளின்ரை நெல்லு உள்ளுக்கை கிடந்து வருது. மெஷினைத் துப்புரவாக்கிப்போட்டு மிச்ச நெல்லைப் போடுங்கோ. நான் நிண்டு பாக்கிறன்."