கண்ணாடிக் கதவில் இரண்டு பொட்டு

ஆயுத பூசை அன்று என் கடையில் முதல் பொட்டு கண்ணாடிக் கதவுக்குத்தான். கேமரா, கம்ப்யூட்டர், சுவரில் துளை போடுகிற மெஷின், ஏணி எல்லாம் அதற்குப் பிறகு. கதவுக்கும் ஒன்று இல்லை, இரண்டு வைப்பேன். கைப்பிடிக்குச் சற்று மேலே, பக்கத்தில் பக்கத்தில். சந்தனம், நடுவில் குங்குமம். சின்னமனூரில் கண்காணிப்புக் கேமரா மாட்டிக் கொடுக்கிற கடை என்னுடையது. அங்கே கணக்குப் பார்க்கும் பெண் போன வருடம் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். "ஏண்ணே, சோறு போடுற மெஷினெல்லாம் வரிசையில நிக்குது. நீங்க கதவுக்குப் போயி ரெண்டு பொட்டு வைக்கிறீக. கதவா சம்பாதிச்சுக் குடுக்குது?" நின்றவர்கள் சிரித்தார்கள். "வேலையப் பாரு ஆத்தா" என்று கத்தினேன். எனக்குக் கோபம் முதலில் வரும், பதில் பிறகுதான் வரும். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச வருடத்தில் நான் சின்னமனூரில் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தேன். அதே வயரில் இன்டர்நெட்டும் கொடுக்கலாம் என்று ஆசை வந்தது. அதற்கு வேண்டிய மெஷினை இரவும் பகலும் குளிரில், கரண்ட் நிற்காமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எவனுக்கும் அந்த வசதி கிடையாது. அப்போது கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று தேனியில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்து ஏசி, பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் போட்டது. உள்ளே கம்பி வலைக் கதவு வைத்த இரும்பு அலமாரிகள். ஆளுக்கு ஒன்று. நம் மெஷினை அதில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். மாத வாடகை. மொட்டை மாடியில் இருந்த ஆன்டெனா வழியாக என் ஊருக்கு லைன் வரும். வீரபாண்டிப் பக்கம் மழை இறங்கினால் லைன் போய்விடும். அது வேறு கதை.

அந்த இடத்துக்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். நாங்கள் எல்லாரும் அவரை ரூம் சார் என்றுதான் கூப்பிட்டோம். ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பட்டன். ஏதாவது சொன்னால் அதில் பாதி ரூலாக இருக்கும். செருப்பைக் கழற்ற வேண்டும். கையெழுத்துப் போட வேண்டும். டீ, தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் சீட்டு ஒட்ட வேண்டும். மெஷின் வந்த அட்டைப் பெட்டியை உள்ளே விட்டுவிட்டு வரக் கூடாது. அடுத்தவன் அலமாரியை விரலால்கூடத் தொடக் கூடாது. செல்போன் சார்ஜரை ஒருநாள் அங்கிருந்த பிளக்கில் சொருகிவிட்டேன். பத்து நிமிடம் பாடம் எடுத்தார். "மெஷின் என்னுது, வாடகை நான் குடுக்குறேன், உங்களுக்கு என்ன சார் நோகுது?" என்று எகிறினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மெஷின் உங்களுதுதானுங்க. கரண்ட்டும் காத்தும் எல்லாத்துக்கும் பொதுவுங்க."

எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் தந்த ரூல் ஒன்று உண்டு. அவர் கூட இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. நான் என் அலமாரியைத் திறந்து வேலை பார்க்கிற நேரம் முழுக்க, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அந்தக் குளிரில் நிற்பார். திருடனைப் பார்ப்பது மாதிரி இருக்கும். வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அந்த ரூல் எங்களைவிட அவரைத்தான் பூட்டி வைத்தது என்று. இன்னொரு ஆளைக் கம்பெனிக்காரன் போடவே இல்லை. எங்களில் எவனாவது எந்த நேரமும் வரலாம் என்பதால் இவர் எங்கும் போக முடியாது. பக்கத்தில் இருந்த சின்ன அறையில் படுக்கை, ஒரு ஸ்டவ். மனைவி ஊரில் டீச்சர். அவரைப் பற்றிப் பேசினாலும் "டீச்சர்" என்றுதான் சொல்வார். ஒரு தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பி பழனி தாண்டியிருக்கிறார். அங்கே அலமாரி வைத்திருந்த ஏலக்காய் முதலாளி ஒருவர் போடியில் இருந்து போன் போட்டார், மெஷின் நின்றுவிட்டது, உடனே உள்ளே போக வேண்டும் என்று. அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். அந்த முதலாளியை நான் பிறகு பார்த்தபோது திட்டினேன். ரூம் சார் என்னைத் தடுத்தார். "அவருக்கு அவசரமுங்க" என்றார். இப்படிப்பட்ட ஆளிடம் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்த ஏலக்காய் முதலாளியால்தான் பொட்டு விவகாரமே வந்தது. மலைமேல் இருக்கிற தோட்டக்காரர்களுக்கு அன்றன்றைய ஏல விலையை அனுப்புகிற மெஷின் அவருடையது. முதல் வருட ஆயுத பூசைக்கு எல்லாரும் சந்தனம் குங்குமத்தோடு போனோம். அப்போது அதற்கு ரூல் எழுதி வைத்திருக்கவில்லை. அதை எழுத வேண்டும் என்று கோயம்புத்தூரில் யாருக்குத் தோன்றும்? முதலாளி ஒரு படி மேலே போய் விபூதியை அள்ளிப் பூசி, கரண்டியில் நெருப்பு வைத்துச் சாம்பிராணி போட்டார். ரூம் சார் ஓடி வருவதற்குள் கூரையில் இருந்த அலாரம் அலறியது. கரண்ட் தானாக நின்றது. கம்பத்தில் இருந்து போடி வரைக்கும் எங்களை நம்பி இருந்தவன் அத்தனை பேருக்கும் லைன் போய்விட்டது. கம்பத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற பாய் ஒருவர், அடுத்த அலமாரிக்காரர். விபூதித் தூளை அவர் மெஷினின் விசிறி உறிஞ்சி, அது திரும்ப எழுந்திருக்கவே இல்லை.

"உங்க சாமிக்கு எம் மெஷினையா காவு குடுத்தீக?" என்றார் பாய்.

"கோவிச்சுக்காதீக பாய். உங்க மெஷினுக்கும் சேத்துத்தான் காட்டுனேன்" என்றார் முதலாளி.

பாயே சிரித்துவிட்டார். ரூம் சார் மட்டும் சிரிக்கவில்லை. மறுவாரம் சுவரில் புது ரூல் ஏறிவிட்டது. பொடி, புகை, நெருப்பு, பூ, எலுமிச்சம்பழம், எதுவும் உள்ளே கூடாது. அடுத்த வருடம் நான் சண்டைக்கே போனேன். "அவரு சாம்பிராணி போட்டதுக்கு நான் ஏன் பொட்டு வைக்கக் கூடாது? ஒத்தப் பொட்டு. அது எவன் மெஷினக் கெடுக்கும்?" காய்ந்த சந்தனம் உதிரும், ஏசிக் காற்று அதை எல்லா அலமாரிக்கும் கொண்டு போகும், என்னால் அடுத்தவருக்குக் கெடுதல் வரும் என்று நிதானமாக விளக்கினார். கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் ஏறியது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வெளியே மாடிப்படிப் பக்கம் ஒரு மேசையை இழுத்துப் போட்டார். உள்ளே போகிற கண்ணாடிக் கதவைக் காட்டினார். "இதுல வெச்சுக்கோங்க. உள்ள இருக்கற எல்லாத்துக்கும் இதுதானுங்களே வாசல்."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. வருடம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்க்காத நாங்கள் அன்று மட்டும் அந்தப் படிக்கட்டில் கூடுவோம். ஆளுக்கு ஒரு பொட்டு. பாய் தன் பங்குக்கு 786 ஸ்டிக்கர் ஒட்டினார். "எனக்குப் பொட்டு வேணாம், பொரியில மட்டும் கை வைக்காதீக" என்பார். ரூம் சார் பொட்டு வைத்ததில்லை. அவருக்குத்தான் மெஷின் இல்லையே. மேசை போடுவார், பொரி கட்டிக் கொடுப்பார், நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். பிறகு நாங்கள் பஸ் பிடித்துப் போய்விடுவோம். கதவில் இருக்கிற பொட்டுகளை அவர் துடைப்பதில்லை. தானாக உதிரும் வரைக்கும் விட்டுவைப்பார்.

போகப்போகப் பொட்டுகள் குறைந்தன. போன் கம்பெனிகளே வீட்டுக்கு வீடு மலிவாக லைன் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஏலக்காய் முதலாளி மெஷினை எடுத்துக்கொண்டு போனார். பாய் கடையை மகனிடம் விட்டார், மகன் எல்லாவற்றையும் சென்னைக்கு மாற்றினான். 786 மட்டும் கதவில் நின்றது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். என் வாடிக்கையாளர்களும்தான் போனார்கள். ஆனால் கம்பெனிக்காரன் ஒருநாள் வந்தபோது என் காதுபட ரூம் சாரிடம் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. கடைசிக் கஸ்டமர் இருக்கிற வரைக்கும் ரூம் இருக்கும், உனக்கு வேலையும் இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கடைசிக் கஸ்டமர் நான். என் மெஷின் வெளியே வந்தால் இந்த மனுசன் தெருவில் நிற்பார். "ஆளே இல்லாத ரூமுக்கு யாருக்காக வாடகை கட்டுறீக?" என்று வீட்டில் மனைவி கேட்டாள். யாவாரம் திரும்பி வரும் என்று சொன்னேன். வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கடைசியாக நான் போன ஆயுத பூசை. மேசை வெளியே கிடந்தது. அதன் மேல் ஒரே ஒரு பொரிப் பொட்டலம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் காலி அலமாரிகள் கதவு திறந்து நின்றன. சூடாவதற்கு என்னுடையதைத் தவிர மெஷின் இல்லாததால் அறை முன்னைவிடக் குளிர்ந்து கிடந்தது. ரூம் சார் துண்டைத் தலையில் சுற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடிக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"வாங்க. உள்ளயே வெச்சுக்கோங்க."

"என்ன சார், ரூலு என்னாச்சு?"

"காத்து எல்லாத்துக்கும் பொதுன்னுதானுங்க அந்த ரூல். இப்ப அது உங்களுக்கு மட்டுந்தானுங்களே."

எத்தனை வருடம் இதற்காகக் கத்தியிருக்கிறேன். சந்தனக் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றேன். தூரத்தில் என் மெஷின் மட்டும் தனியாக இரைந்துகொண்டிருந்தது. எனக்கு அழ வராது, கோபம்தான் வரும். "என்ன சார் பேசுறீக? வருசா வருசம் கதவுல வைக்க வச்சுட்டு, இப்ப உள்ள வையிங்கிறீக. ரூல்னா ரூலு. கதவச் சாத்துங்க." சாத்தினார். வழக்கமான இடத்தில் பொட்டை வைத்தேன். அவ்வளவு பெரிய கண்ணாடியில் அது ஒன்று மட்டும். பார்க்கப் பொறுக்கவில்லை. கிண்ணத்தை அவர் பக்கம் நீட்டினேன்.

"நீங்க ஒண்ணு வைங்க."

"எனக்கு ஏதுங்க மெஷின்?"

"எனக்குந்தான் கதவு கெடையாது. வைங்க."

விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, என் பொட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று வைத்தார். ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி உடனே கையை இழுத்துக்கொண்டார்.

படியில் உட்கார்ந்து பொரி தின்றோம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மெஷின எடுக்கறதுன்னா ஒரு மாசம் முன்னாடி எழுதிக் குடுக்கோணுங்க. அது ரூல். இன்னைக்குக் குடுத்தீங்கன்னா தீவாளி கழிஞ்சு எடுத்துக்கலாம்."

"நான் எடுக்குறேன்னு எப்பச் சொன்னேன்?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. அதனாலதானுங்க நான் சொல்றேன்."

"அப்ப உங்க பொழப்பு?"

"ஊருக்குப் போறனுங்க. டீச்சர் சம்பாதிக்கறாங்க. ஒரு ஆளுக்குச் சோறு போட மாட்டாங்களா?" என்று சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டு வந்தார். அவரையும் அவர் கம்பெனியையும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே எழுதிக் கொடுத்தேன்.

எடுக்கப் போன அன்று ஒரு ரூலைக்கூட அவர் விடவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். கையெழுத்து வாங்கினார். நான் வயர்களைப் பிடுங்கி முடிக்கும் வரை பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தரையில் அட்டைத் துண்டு கிடக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் ஏசியை நிறுத்தினார். அந்த அறையில் முதன்முதலாக ரோட்டுச் சத்தம் கேட்டது. "கம்பம், கம்பம்" என்று ஒரு கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றுமே இல்லாத அறையைப் பூட்டி, பூட்டை இழுத்தும் பார்த்தார். மெஷினை ஆட்டோவில் ஏற்றிவிட்டு மேலே பார்த்தேன். மேல்படியில் நின்றார். "சரிங்க" என்றார்.

அதற்கு அடுத்த ஆயுத பூசைக்கு அவரே போன் செய்தார். பொரி வாங்கியாகிவிட்டதா என்று கேட்டார். பிறகு நான் போட்டபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தேடலாம் என்று தோன்றியது. பொள்ளாச்சிப் பக்கம் என்பது தெரியும், எந்த ஊர் என்று நான் கேட்டதே இல்லை. டீச்சர் வீடு என்று எந்தத் தெருவில் போய் விசாரிப்பது? தேனியில் அந்த மாடி இப்போது டைல்ஸ் கடைக்காரரின் குடோன். கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு இரும்பு ஷட்டர் போட்டிருக்கிறார்கள். என் மெஷின் பரணில் கிடக்கிறது, எதற்கும் ஆகாது.

இந்த வருடம் கணக்குப் பார்க்கும் பெண் ஒன்றும் கேட்கவில்லை. கதவில் முதல் பொட்டை வைத்துவிட்டு நான் சும்மா நின்றுவிட்டேன் போலிருக்கிறது. "இன்னொண்ணுண்ணே" என்று சந்தனக் கிண்ணத்தை அவளே நீட்டினாள். வைத்தேன். இரண்டாவதை எப்போதும் சின்னதாகத்தான் வைப்பேன். அவர் வைத்தது அவ்வளவுதான்.