கடைசி ஆளுக்குப் பின்னால்

மலையேறக் கூட்டிப்போகும் குழுக்களில் வரிசையின் கடைசியில் நடக்கிற ஆளை ஸ்வீப் என்பார்கள். அந்த ஆள் யாரையும் முந்தக் கூடாது. முன்னால் போகிறவர் உட்கார்ந்தால் தானும் நிற்க வேண்டும். ஜாய்ஸ் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்வீப். பெயரை முதலில் கேட்டபோது அவள் அம்மா சாராள், "மலைய இன்னாத்துக்குடி பெருக்கணும்?" என்று கேட்டாள். ஜாய்ஸ் விளக்கிச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, பெருக்கத்தான் போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மற்ற நாட்களில் அவளுக்கு மறைமலைநகரில் வேலை. கார்களுக்கு வயர்க்கட்டு சேர்க்கிற லைன். லைன் நிற்காது. பாத்ரூமுக்கு எழுந்து போக வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். மாற்று ஆள் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை தூக்கிய கையோடு இருக்க வேண்டும். சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் அங்கே பெண்கள் ஷிஃப்டுக்கு வெகுநேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாக வந்துவிடுகிற பழக்கம். வருடக்கணக்கில் அப்படி இருந்து ஜாய்ஸுக்குத் தாகம் எடுப்பதே மறந்துபோயிருந்தது.

அந்தப் பங்குனி ஞாயிறு, நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த பாறைக்குன்றின் அடிவாரத்துக்கு வந்துவிட்டாள். குழுவை நடத்துகிற கிருபாகரன் முந்தின வாரம் போனில் சொல்லியிருந்தான்: "இத மட்டும் ஒழுங்கா முடிச்சிடு ஜாய்ஸு. அடுத்த மாசத்துலேர்ந்து ஸ்கூல் பசங்க கேம்ப்புக்கு நீதான் முன்னாடி போற. மாசச் சம்பளம். பேக்டரிய வுட்டுடலாம்." அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்துக்கொண்டேதான் ராத்திரி முழுக்க வயர் சொருகியிருந்தாள்.

வந்திருந்தவர்கள் நாவலூரில் ஒரே ஆபீஸைச் சேர்ந்தவர்கள். ஏறும் முன் சொல்ல வேண்டிய எச்சரிக்கைகளைக் கிருபாகரன் அன்று அவளையே சொல்லச் சொன்னான். சோதிக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"தல சுத்துனா, கொமட்டுனா, வெயில்ல குளிருற மாதிரி இருந்தா ஒடனே சொல்லணும். குடுத்த விசில மூணு தடவ ஊதுங்க. ஊதுனா எல்லாரும் நிக்கணும், எல்லாரும் சேர்ந்து எறங்கணும். பாதிப் பேர் மேல போறது, பாதிப் பேர் கீழ வர்றது, அதெல்லாம் கெடையாது. வெக்கப்படாதீங்க. பாம்பு கடிச்சு யாரையும் நான் இங்கேர்ந்து தூக்குனதில்ல. சொல்லாம அடக்கி வெச்சவங்களத்தான் தூக்கிகினு எறங்கியிருக்கேன்."

கலைவாணன் என்ற ஒல்லிப்பிச்சான் கையைத் தூக்கினான். "சிஸ்டர், எங்க மேனேஜரப் பாத்தாலே எனக்குத் தல சுத்துது. அதுக்கும் ஊதலாமா?"

"ஊதுங்க, தூக்கிகினு போறேன்."

"அவரையா, என்னையா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிருபாகரனும் சிரித்தான். ஜாய்ஸுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஏற ஏற மரம் குறைந்து வெறும் பாறையானது. அவளுக்கு நேர் முன்னால் ஜெனிட்டா என்ற பெண் போய்க்கொண்டிருந்தாள். அவள் பையின் ஓரத்தில் சொருகியிருந்த பாட்டில் அடிவாரத்தில் இருந்தபடியே நிறைந்திருந்தது.

"தண்ணி குடிக்கலியா?"

"வேணாங்க்கா. குடிச்சா அப்பறம் எங்க போறது?"

"பொதர் கீது. துப்பட்டா கீது. புடிக்க நான் கீறேன். குடிங்க மொதல்ல."

ஜெனிட்டா பாதி பாட்டிலைக் காலி செய்யும்வரை ஜாய்ஸ் நகரவில்லை. அப்போதும் தன் பையிலிருந்த பாட்டில் ஞாபகத்துக்கு வரவில்லை. மூடியின் சீல்கூட உடையாமல் கிடந்தது அது.

கடைசிப் பாறைக்குக் கீழே வந்தபோது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கையைப் பார்த்தாள். அந்த வெயிலில் மயிர் சிலிர்த்து நின்றது. கண்ணோரம் இருட்டியது. என்ன இது என்று யோசிக்கவே தேவையில்லை. காலையில் அவளே வரிசையாகச் சொன்னதுதான்.

மேலே கிருபாகரனின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. இந்த ஒரு பாறை ஏறிவிட்டால் போதும். உச்சியில் எல்லோரும் மாமல்லபுரம் பக்கம் கோடாகத் தெரிகிற கடலை போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். யாருக்கும் தெரியாது. ஊதினால் இத்தனை பேரும் உச்சியைப் பார்க்காமல் இறங்க வேண்டும். கேம்ப் வேலையும் அதோடு சரி.

பழக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பின்னால் பாறையும் வெயிலும்தான் இருந்தன. யார் விழுந்தாலும் ஸ்வீப் பார்த்துக்கொள்வாள். ஸ்வீப் இங்கேயே சரிந்தால், மேலே போனவர்கள் பார்ப்பதற்கு எவ்வளவு நேரமாகும்?

விசிலை வாயில் வைத்தாள். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் மூன்று தடவை ஊதினாள்.

கிருபாகரன் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தான். "யாருக்கு? இந்தப் பொண்ணுக்கா?"

லைனில் தூக்குகிற மாதிரியே ஜாய்ஸ் கையைத் தூக்கினாள். "எனக்குண்ணா."

அவன் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினான். பிறகு வேலை வேகமாக நடந்தது. பாறை நிழலில் படுக்க வைத்தார்கள். ஜெனிட்டா துப்பட்டாவை நனைத்துக் கழுத்தில் போட்டாள். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தார்கள். கலைவாணன் தொப்பியால் விசிறினான். "சிஸ்டர், தூக்கிகினு போறேன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப ஆளு மாறிப்போச்சே." யாரோ, "இன்னும் கொஞ்சம்தானே, நாங்க மட்டும் போய்ட்டு வந்துடறோமே" என்றார்கள். "எல்லாரும் எறங்கணும்" என்றான் கிருபாகரன். குரலில் ஈரமே இல்லை.

தலை தெளிந்த பிறகு இறங்கினார்கள். "நீங்க முன்னாடி போங்கக்கா, நான் பின்னாடி வர்றேன்" என்றாள் ஜெனிட்டா. முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்பது ஜாய்ஸுக்கு விநோதமாக இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாதி வழியில் தயங்கி நின்றாள்.

"ஜெனிட்டா, அந்தத் துப்பட்டாவ…"

ஜெனிட்டா புதர் ஓரமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு துப்பட்டாவைப் பிடித்து நின்றாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கிருபாகரன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்றேன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா வேணான்னிருப்பீங்க."

"ஆமா, வேணான்னுதான் சொல்லியிருப்பேன்." ஸ்டூலைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "விசில் ஊதுனது கரெக்ட்டு. அதுக்கு முன்னாடி பண்ணது எல்லாமே தப்பு. பசங்கள ஒன் கையில குடுக்க இப்ப மனசு வரல ஜாய்ஸு."

அவளுக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

திங்கட்கிழமை பகல் ஷிஃப்ட். உடம்பில் அசதி இன்னும் இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தாள். லைனில் பக்கத்து இடத்துக்காரி ரூத் வாயைப் பிளந்தாள். "இன்னாடி, பைத்தியமா? உள்ள போயி இன்னா பண்ணுவ?"

லைன் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஜாய்ஸ் கையைத் தூக்கினாள். சூப்பர்வைசர் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாற்று ஆள் வரவில்லை. கை கனத்தது. இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இறக்கவில்லை.