தப்பான விடைகளுக்கு ஒரு நோட்டு

மதராஸிலிருந்து கப்பலில் வரும் ஆசிரியர் மாத இதழ் எங்கள் பெண்கள் பள்ளிக்கு எப்போதும் பிந்தித்தான் வரும். தலைமையாசிரியை படித்துவிட்டு என்னிடம் தள்ளுவார். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தறியாத யாரோ ஒரு மகானுபாவர் எழுதியதைப் படித்து நான் என்ன கற்றுக்கொள்ளப் போகிறேன் என்ற கொழுப்பு எனக்கு இருந்தது.

ஒரு முறை அதில், பிள்ளைகளின் தப்பான விடைகளை அழிக்குமுன் ஒரு நோட்டில் எழுதி வைத்துப் பாருங்கள் என்று போட்டிருந்தது. அரைமனதாக ஆரம்பித்தேன். மூன்றாம் நாள், மழைக்காலம் எது என்று வகுப்பில் கேட்டேன். எங்கள் பாடப்புத்தகமும் மதராஸில் அச்சானதுதான். ஐப்பசி, கார்த்திகை என்பது அதன் விடை. ஒரு சின்னப் பெண், "எல்லா மாசமும்" என்றாள். அதை எழுதும்போதே என் கை நின்றுவிட்டது. அது சித்திரை மாதம். வெளியே சிங்கப்பூர் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இதே விடையை முந்தின பரீட்சையில் வேறொருத்தி எழுதியிருந்தாள். இதைப் போல இன்னும் சில விடைகளும் எழுதியிருந்தாள். எல்லாவற்றுக்கும் அப்போது முட்டை போட்டிருந்தேன். அவளுக்குப் படிப்பு வராது என்று அவள் அப்பாவிடம் சொன்னதும் நான்தான். செராங்கூன் சாலைப் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர் அவர். மறுநாளே பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்.

பள்ளி விட்டதும் நனைந்துகொண்டே மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். அவள் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் எழுதியது சரி, தப்பு என்னுடையது, திரும்ப அனுப்புங்கள் என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் கறப்பதை நிறுத்தவில்லை.

"டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நிறுத்தினேன். இப்ப நீங்களே தப்புன்னு சொன்னா, நான் எதை நம்பறது?"

 என்னை நம்ப வேண்டாம், பெண்ணை மட்டும் அனுப்புங்கள் என்று கெஞ்சினேன்.

அடுத்த வாரம் அனுப்பினார். நன்றாகவே படித்தாள். அந்த வருஷமும் தேறினாள், அதற்கடுத்த வருஷமும் தேறினாள். தலைமையாசிரியை என்னைப் பாராட்டினார். அது எனக்குக் கசந்தது. எதைக் கேட்டாலும் அவள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் எந்த விடையை எதிர்பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்ட பிறகே வாயைத் திறப்பாள்.