தரையில்லாத வீடு

மெத்தைக்காரர் சாதுவான மனிதர். ஊசியைக்கூடத் துணிக்கு வலிக்குமோ என்பதுபோல்தான் இறக்குவார். அவருடைய மூத்த மகளுக்கு லேசாக இடறினாலே எலும்பு முறிந்துவிடும். பிறவியிலேயே ஜீனில் பழுது என்று டாக்டரம்மா சொன்ன நாள் முதல், மேசை முனை, கட்டில் கால், கதவு நிலை எல்லாவற்றுக்கும் பஞ்சு வைத்துத் தைத்துவிட்டார்.

இளையவள் பிறந்ததும் வாசல் முதல் அடுப்படி வரை மெத்தை விரித்தார். ஒன்றரை வயதாகியும் அவள் நடக்கவில்லை. எழுந்து நிற்பாள், தள்ளாடுவாள், பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். இவளுக்கும் அதேதானோ என்று அவர் பயந்தார். இவளுக்கு அது வேண்டாம் என்பதைத் தவிரக் கடவுளிடம் வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

இளையவளின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நால்வருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"எலும்பு அளவுக்கு மேல கரையாம காக்கிற புரதம் ஒண்ணு இருக்குங்க," என்றார் டாக்டரம்மா. "உடம்பே அதைச் சுரக்குது. நோயை எதிர்க்கிற அணுக்களுக்கும் அதோட சம்பந்தம் உண்டு. அதுக்கான ஜீன் அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணு வரும். பெரியவளுக்கு ரெண்டுமே பழுது. சின்னவளுக்கு ஒண்ணு நல்லாருக்கு. அது போதும். இவளுக்கு அந்த நோய் இல்ல."

மெத்தைக்காரரின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவருக்கோ இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"அப்புறம் ஏம்மா நடக்க மாட்டேங்குறா?"

"வீட்ல தரை எப்படி?"

பெரியவள் முந்திக்கொண்டாள். "எங்க வீட்ல தரையே கிடையாது ஆன்ட்டி! எல்லாம் மெத்தைதான். எனக்கே கால் புதையுது."

டாக்டரம்மா சிரித்தபடி சின்னவளைத் தூக்கி வெறுந்தரையில் நிறுத்தினார். மெத்தைக்காரர் பதறிக் கையை நீட்ட, மனைவி அதைப் பிடித்து அமுக்கினாள்.

"சும்மா இருங்க. நீங்க தச்சது போதும்."

குழந்தை காலைக் குனிந்து பார்த்தது. ஓரடி வைத்தது. இன்னோரடி. பிறகு அக்காவின் மடியில் போய் முட்டி நின்று கெக்கெக்கே என்று சிரித்தது.

"ஆண்டவனே," என்றார் மெத்தைக்காரர்.

அன்று சாயங்காலமே பெரியவளின் கட்டிலைச் சுற்றி மட்டும் விட்டுவைத்து, மற்ற மெத்தைகளைச் சுருட்டினார். சின்னவள் அடுப்படி வரை ஓடி, தொப்பென்று விழுந்து, வீடே அதிர அழுதாள்.

"அப்பா, பாப்பா விழுந்துட்டா!"

"விழட்டும்டி செல்லம்," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவளே எழுந்துப்பா."