கராஜில் வேறு வைத்தார்கள்

இந்த ஊரில் வாசல் மணி பேசும். பொட்டலம் கொண்டுவருகிறவர் பொத்தானை அமுக்கினால் உள்ளே இருப்பவர் எழுந்து வரவேண்டியதில்லை. கைபேசியைத் தட்டி, "வாசலிலேயே வைத்துவிடுங்கள், நன்றி" என்று ஆங்கிலத்தில் சொன்னால் போதும், மணி அதை வெளியே சொல்லிவிடும். என் மருமகள் மேகன் இந்த ஊர்ப் பெண். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறாள். வந்தது யார் என்று படத்தைக்கூடப் பார்க்காமல் நாளைக்கு நாலு தடவை இதைச் சொல்வாள். கண்டரமாணிக்கத்திலிருந்து அட்லாண்டாவுக்கு நான் வந்த புதிதில், முகம் தெரியாத ஆளுக்கும் இத்தனை மரியாதையா என்று மெச்சியிருக்கிறேன். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மெச்சுவதற்கில்லை.

கோடை வந்தால் பக்கத்து வீட்டு டோரத்தியின் தோட்டத்தில் மஞ்சள் ஸ்குவாஷ் காய்த்துத் தள்ளும். நறுக்கினால் நம் பரங்கிப் பிஞ்சேதான். கூடை நிறையக் கொடுத்தாள். இதைப் பாலில் சமைப்போம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "எவ்வளவு சர்க்கரை?" என்றாள். சர்க்கரை இல்லை, பச்சை மிளகாய் என்றதும், பாவம், கிழவிக்குப் பாஷை வரவில்லை என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த கையை! அவள் அம்மா காலத்துப் பக்குவம் என்று சீஸும் பிஸ்கட் தூளும் போட்டு வேகவைத்த ஸ்குவாஷ் ஒன்றும் கொடுத்தாள். வாயில் வைக்க முடியவில்லை. பிரமாதம் என்று சொல்லித் தொலைத்தேன்.

பால்கறிக்குச் சோம்பும் சின்ன வெங்காயமும் தாளித்து, காயை வேகவிட்டு, இறக்குகிற நேரத்தில்தான் பாலை ஊற்றவேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். நான் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளித்த வாசம் மாடிவரை போய்விட்டது. மேகன் இறங்கி வந்தாள். கோட்டுகள் தொங்கும் அலமாரியைச் சாத்தினாள், ஜன்னல்களைத் திறந்தாள், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை என் மகன் சொக்கு என்னைக் கராஜுக்குக் கூட்டிப்போனான். இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு மேசை, மேலே ஒரு மின்சார அடுப்பு.

"ஆத்தா, இது ஒங்களுக்குன்னே தனி அடுப்படி. என்ன வேணும்னாலும் தாளிங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"என்னைய வேற வைக்கிறியாப்பா?" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. சிரித்தான்.

வேறு வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மகனுக்குக் கல்யாணமானால் கொஞ்ச நாளில், அதே வீட்டுக்குள், அவனுக்கும் அவன் மனைவிக்கும் தனி அடுப்பு, பாத்திரம், வருஷத்துக்கு வேண்டிய அரிசி பருப்பு எல்லாம் கொடுத்துத் தனியே பொங்கிச் சாப்பிட வைப்பார்கள். என்னையும் அப்படித்தான் வைத்தார்கள். நல்ல நாள் பார்த்து, மாமியார் தன் கையால் என் அடுப்பில் பால் காய்ச்சினார். "இன்னமே ஒன் அடுப்பு வேற, எங்க அடுப்பு வேற. ஆனா மொதல்ல எறக்குறத இங்குட்டு ஒரு கிண்ணம் குடுத்துட்டுத்தான் நீ சாப்புடணும்" என்றார். அன்று நான் வைத்தது பரங்கிப் பிஞ்சு பால்கறி. உப்புக் கூடிப்போயிற்று. அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தை வெறுமனே அனுப்பக்கூடாதென்று நாலு வாழைப்பழம் வைத்து அனுப்பினார். கல்யாணமானதும் கோயில் கணக்கில் எங்கள் இருவரையும் ஒரு புள்ளியாக, அதாவது ஒரு குடும்பமாக, சேர்த்திருந்தார்கள். தம்பதியில் ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் அரைப்புள்ளி. என் வீட்டுக்காரர் போனபிறகு நான் அரைப்புள்ளி. அரைப்புள்ளிக்குக் கராஜ் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆத்திரத்தில், ஊருக்கே போய்விடுவோம் என்று கண்டரமாணிக்கத்துக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டில் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வாடகை கொடுத்து வந்து தங்குகிறார்கள். கொழுந்தனும் அவர் மனைவியும் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். போனை எடுத்தது கொழுந்தன் மனைவி.

"வாங்க ஆச்சி, தாராளமா வாங்க. ஆனா ஒங்க அடுப்படியத்தான் விருந்தாளுக ரூமுக்குப் பாத்ரூமா மாத்தியாச்சே. நீங்கதான 'இனிமே எனக்கு எதுக்கு'ன்னு சொல்லிட்டுப் போனீக? வர்ற தேதியச் சொல்லுங்க, ஒரு ரூமு ஒதுக்கி வைக்கிறோம்."

சொன்னது நான்தான். மகன் வீடு இருக்கிற திமிரில் சொன்னது. யாரை நோவது? மகன் கூப்பிடுகிறான் என்று இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஆச்சிமாரே, போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அடுப்படியை மட்டும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போங்கள்.

நேற்று மத்தியானம் கராஜில் முதல் சமையல். சொக்கு வேலைக்குப் போயிருந்தான். பால் காய்ச்சிக் கொடுக்க யாருமில்லை, நானே காய்ச்சினேன். டோரத்தியின் ஸ்குவாஷில் பால்கறி. பால் திரியவில்லை, உப்பும் சரியாக இருந்தது. முதல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பினால், வீட்டுக்குள் போகும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய் மணியை அமுக்கினேன். "மேகன்" என்று நான் வாயெடுப்பதற்குள் மணி பேசியது.

"வாசலிலேயே வைத்துவிடுங்கள், நன்றி!"

அதே மரியாதை. கிண்ணத்தை வாசலில் வைத்து, ஒரு தட்டால் மூடிவிட்டுக் கராஜுக்குத் திரும்பி நடந்தேன். பசித்தது. முதல் கிண்ணம் கொடுத்தாயிற்று. இனி நான் சாப்பிடலாம்.